கியர் ஆயிலை எங்கே மாற்றலாம்: வீட்டு வாசலா, மெக்கானிக் பிட்டா, சர்வீஸ் சென்டரா?

மூன்று வருடங்களுக்கு முன், தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு என் காரின் அடியில் டார்ச்சோடு நுழைந்தேன். கறை எங்கிருந்து வந்தது என்பதைவிட முதலில் கண்ணில் பட்டது கியர் பாக்ஸின் ஆயிலை வடிக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்தான். அதன் தலையைச் சுற்றி வருடக்கணக்கான சேறு படிந்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஆறு மாதம் முன்புதான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் 'கியர் ஆயில் மாற்றம்' என்ற வரிக்கும் சேர்த்துப் பில் கட்டியிருந்தேன். அந்தச் சேற்றை எந்த ஸ்பேனரும் தொட்டிருக்கவில்லை. மேலே உள்ள துளை வழியாக உறிஞ்சி எடுத்திருப்பார்களோ என்று, அந்தத் துளையை மூடும் ஃபில்லர் பிளக்கையும் பார்த்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

கோபம் அடங்கிய பிறகு ஒன்று தெளிவாகப் புரிந்தது. என்ஜின் ஆயில் மாற்றினார்களா என்பதை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்றைய கார்களில் கியர் பாக்ஸுக்குப் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. மாற்றினார்களா, எந்த ஆயில், எவ்வளவு ஊற்றினார்கள் என்பதை அடியில் போய்ப் பார்க்காமல் அறிய வழியே இல்லை. அதனால் 'எங்கே மாற்றுவது' என்பதை நான் காசுக் கணக்காகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பழைய ஆயில் வடிந்ததையும், புது ஆயில் துளையின் விளிம்பு வரை வந்ததையும் யார் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

அதற்குப் பிறகு என் காருக்கு ஒரு முறை வீட்டிலும், ஒரு முறை தெரிந்த மெக்கானிக்கின் பிட்டிலும் (காருக்கு அடியில் நின்று வேலை செய்யத் தரையில் வெட்டிய பள்ளம்) மாற்றியாகிவிட்டது. மைத்துனர் காருக்கு அவரோடு சர்வீஸ் சென்டருக்கும் போய் வந்தேன். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். என்னுடையது 5 கியர் உள்ள சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், முன் சக்கர ஓட்டம். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்புதான்: என்ஜின் குறுக்காக, அதன் பக்கத்தில் கியர் பாக்ஸ், அதற்குள்ளேயே சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆயில். ஈகோ, பொலேரோ போன்ற பின் சக்கர ஓட்ட வண்டிகளில் டிஃபரன்ஷியல் (மெக்கானிக் பேச்சில் 'கிரவுன்') பின்னால் தனியாக இருக்கும், அதன் ஆயிலும் தனி. அவை வேறு கதை.

மாற்றாமலே விட்டால்?

முதல் வழி ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. நிறையப் பேர் இப்படியே ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டுகிறார்கள். 'கியர் ஆயிலா சார்? வண்டிய விக்கிற வரைக்கும் தொடவே வேணாம்' என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. கியர் பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை. கரி இல்லை, பெட்ரோல் கலப்பதில்லை. என்ஜின் ஆயில் போல 10,000 கிலோமீட்டரில் அது கறுத்துவிடாது.

ஆனால் வேறு விதமாக வயதாகும். கியர் பற்களுக்கு நடுவே ஒவ்வொரு சுற்றிலும் ஆயில் நசுங்குகிறது. சூட்டிலும் அதன் கெட்டித்தன்மையைக் காப்பதற்காகச் சேர்த்திருக்கும் நீண்ட மூலக்கூறுகள் இந்த நசுங்கலில் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். பற்களிலிருந்து இரும்புத் தூளும், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகளிலிருந்து பித்தளைத் தூளும் உதிர்ந்து கலக்கும். மேனுவல் கியர் பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஃபில்டர் கிடையாது. உதிர்ந்ததெல்லாம் உள்ளேயேதான் சுற்றும். நகர நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு நூறு தடவை கியர் மாற்றுபவரும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குபவரும், நாற்கரச் சாலையில் ஐந்தாவது கியரிலேயே போகிறவரும் ஒரே இடைவெளியில் ஆயில் மாற்ற வேண்டும் என்பதில் அர்த்தமில்லை.

நிறுவனங்களும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. சில மேனுவல்களில் (காரோடு வரும் கையேடு) 40,000 கிலோமீட்டர், சிலவற்றில் 60,000 அல்லது 80,000, இன்னும் சிலவற்றில் 'சோதித்துப் பார்த்து, தேவையெனில் மாற்றுக' என்றிருக்கும். கடினமான ஓட்டத்துக்கெனத் தனிப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். நம் வெயிலும் தூசியும் நெரிசலும் பெரும்பாலும் அதில்தான் வரும். மேனுவலில் தெளிவாக ஒன்றும் இல்லாவிட்டால் நான் 60,000-ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறேன். பழைய கார் வாங்கினால் வாங்கிய மாதமே மாற்றிவிடுவேன், ஏனென்றால் முந்தைய பில்லை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் 'விட்டுவிடலாம்' என்ற வழியே கிடையாது: வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் சக்கரம் மூழ்க நின்றன. கியர் பாக்ஸின் மேல் பக்கத்தில் காற்று வாங்க ஒரு சின்ன பிரீதர் இருக்கும். சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் வரை தண்ணீர் ஏறியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரைத்தான் இழுக்கும். வடித்துப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வரும். தண்ணீர் பிரீதர் வரை ஏறியிருந்தால், என்ஜினைச் சரிபார்ப்பதோடு கியர் ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை ஓட்ட வேண்டும். நிறம் மாறி வந்திருந்தால் புது ஆயிலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றுவது நல்லது. மூலைகளில் தங்கிய தண்ணீர் ஒரே வடிப்பில் வந்துவிடாது.

ஆயில் மாற்றினால் எதெல்லாம் சரியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் காசும் உழைப்பும் வீண். காலையில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் கொஞ்சம் கடினமாக விழுந்தால், புது ஆயில் உதவ வாய்ப்பு இருக்கிறது. எந்நேரமும் கிர்ரென்று உரசிக்கொண்டு விழுந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுதாக விடாமல் இருக்கலாம். நியூட்ரலில் நிற்கும்போது வரும் ஓர் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் சந்தேகம் கியர் பாக்ஸ் பேரிங் மேல். மிதிக்கும்போதுதான் இரைச்சல் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் மேல். இவை எதையும் ஆயில் தீர்க்காது. ரிவர்ஸ் மட்டும் அவ்வப்போது உரசினால் பதற வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே இல்லை. கிளட்ச்சை மிதித்து இரண்டு நொடி பொறுத்துப் போட்டால் போதும்.

எந்த ஆயில்?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். எங்கே மாற்றினாலும் தவறான ஆயில் தவறான ஆயில்தான். நான் அதிகம் குழம்பியதும் இங்கேதான்.

டின்னில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரம்: ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5. கடைக்காரர் 'ஜிஎல்-5 தான் சார் லேட்டஸ்ட்' என்று எடுத்துக் கொடுப்பார். என்ஜின் ஆயிலில் அப்படித்தான், புதிய தரம் பழையதை ஈடுகட்டும். கியர் ஆயிலில் அப்படியில்லை. ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றான படிகள் அல்ல, வேறு வேறு வேலைக்கானவை. ஜிஎல்-5 பின் ஆக்சிலில் உள்ள ஹைப்பாய்டு கிரவுன்-பினியனுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றின் மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டே உருளும். அந்த அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைப் பொருள் ஜிஎல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். இரும்புப் பற்களுக்கு அது கவசம். பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு அதே கந்தகம் அரிப்பாக மாறலாம். இன்னொன்றும் உண்டு: சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உரசலால்தான். கியரைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த அதற்குக் கொஞ்சம் பிடிமானம் வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் கியர் உரசிக்கொண்டு விழும். எனவே மேனுவல் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4. ஜிஎல்-5-ஐயும் அனுமதிக்கும் கார்கள் உண்டு. அதை மேனுவல் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

இரண்டாவது கெட்டித்தன்மை: 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று வரும். நம் மெக்கானிக்குகள் 'தொண்ணூறு ஆயில்', 'நூத்தி நாப்பது ஆயில்' என்று சொல்வது இந்த அளவைத்தான். என்ஜினுக்கு 40 போடும்போது கியர் பாக்ஸுக்கு 90-ஆ, இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியா என்று நானும் பயந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் அளந்தால் 90 கியர் ஆயிலும் 40 என்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வரும். கியர் ஆயில்களுக்குள்ளே பார்த்தால் 80 இளக்கம், 90 கெட்டி. இளகிய 75டபிள்யூ-80 கேட்கும் கார்களில், 'கெட்டியா இருந்தா சத்தம் குறையும் சார்' என்று 90 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் குறையலாம். ஆனால் காலையில் கியர் மாட்டிக்கொள்ளும், குளிர்ந்த ஊட்டியில் இன்னும் மோசமாகும். ஹோண்டா தன் மேனுவல் கியர் பாக்ஸ்களுக்கு எம்டிஎஃப் என்ற தனி ஆயிலையே சொல்கிறது. அது தொண்ணூறு ஆயிலைவிட நல்ல இளக்கம். அதில் போய் தொண்ணூறை ஊற்றக் கூடாது.

பிராண்டைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. காஸ்ட்ரால், சர்வோ, மோட்டுல் எதுவானாலும் தரமும் எண்ணும் பொருந்தினால் சரி. கார் நிறுவனத்தின் சொந்த ஆயில் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்கிவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, வண்டி உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. மற்ற ஊர்களில் நிறுவனத்தின் பாகங்கள் விற்கும் கவுன்டரில் கேளுங்கள். லூசாக டிரம்மில் இருந்து பிடித்துத் தருவதை மட்டும் வாங்காதீர்கள். அதே கடையில் இரண்டு பிளக்குக்கும் புது வாஷரும் கேட்டு வாங்குங்கள். வாஷர் சில ரூபாய்தான், ஆனால் பழையதையே போட்டு முடுக்கிவிட்டு அப்புறம் கசிவைத் தேடி அலைவது பெரிய தலைவலி. சில பிளக்குகள் கூம்பு மரை கொண்டவை. அவற்றுக்கு வாஷர் இருக்காது, மரையில் சீலன்ட் தடவ வேண்டும்.

சர்வீஸ் சென்டர்

வாரன்டியில் உள்ள கார் என்றால் இதற்கு மேல் படிக்காமல் அங்கேயே போய்விடுங்கள். நாளைக்கு கியர் பாக்ஸில் ஒரு பிரச்சினை வந்தால், அவர்கள் பில் உங்கள் கையில் இருக்க வேண்டும். லிஃப்டில் கார் சமமாக ஏறும், சரியான ஆயில் அவர்களிடம் இருக்கும், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கும். வேலையைச் செய்யும் வசதி இதைவிட வேறெங்கும் இல்லை.

குறை என்ன என்றால், நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்போம், வேலை அந்தப் பக்கம் நடக்கும். என் கதை எழுந்ததே அந்த இடைவெளியில்தான். மைத்துனர் கார் போனபோது, வண்டியைக் கொடுக்கும்போதே சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டோம்: 'கியர் ஆயில் வடிக்கும்போது கூப்பிடுங்க சார், பக்கத்துல நின்னு பார்க்கணும்.' முதலில் தயங்கினார், அப்புறம் கூப்பிட்டார். பத்து நிமிடம் நின்று பார்த்தோம், வேலை சுத்தமாக நடந்தது. எல்லா இடத்திலும் உள்ளே விடமாட்டார்கள். விடாவிட்டால் கழற்றிய பழைய வாஷரையும், ஒரு சின்ன பாட்டிலில் பழைய ஆயிலையும் கேளுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டால், வேலை நடக்காமல் போகும் வாய்ப்பே குறைந்துவிடும். செலவு, ஆயில் விலையோடு கூலி, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்று வழிகளில் இதுதான் அதிகம், ஆனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு.

மெக்கானிக் பிட்

நான் மனதார முதலிடம் கொடுப்பது இதற்கு. தரையில் வெட்டிய அந்தப் பள்ளம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கியர் ஆயிலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கார் தன் நான்கு சக்கரத்திலேயே சமதளத்தில் நிற்கிறது. ஜாக்கி இல்லை, ஸ்டாண்டு இல்லை, மேலே விழும் பயம் இல்லை. கியர் ஆயிலின் அளவு என்பது ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு. வண்டி சாய்ந்து நின்றால் அந்த அளவே பொய்யாகிவிடும். பிட்டில் அந்தக் கவலை இல்லை.

இங்கே ஆபத்து ஆயிலிலும் அவசரத்திலும்தான். ஆயிலை நீங்களே வாங்கிப் போனால் முதல் ஆபத்து முடிந்தது. கூட நின்றால் இரண்டாவதும் பாதி முடிந்தது. அண்ணன் என்று கூப்பிடும் பழக்கமான மெக்கானிக்காக இருந்தாலும் மூன்று விஷயத்தை நான் முன்பே சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும், அது திறந்த பிறகுதான் டிரெயின் பிளக். ஸ்பேனருக்கு நீளமான பைப் மாட்டி முடுக்கக் கூடாது. உள்ளே டீசல் ஊற்றிக் கழுவக் கூடாது. மூன்றாவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. 'சுத்தமா அலசிடலாம் சார்' என்பார்கள். அலசிய டீசல் முழுதாக வெளியே வராது, மிச்சம் புது ஆயிலை இளக்கிவிடும். எங்கள் மெக்கானிக் அதைக் கேட்டதும், 'சரி தம்பி, உங்க வண்டி, உங்க விருப்பம்' என்று டீசல் கேனைத் தள்ளி வைத்துவிட்டார். அரை மணி நேர வேலை. கூலி 500 ரூபாய் வாங்கினார்.

பிட் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் வாட்டர் வாஷ் கடைகளைப் பாருங்கள். அங்கே கார் ஏறும் ராம்ப்போ ஹைட்ராலிக் லிஃப்டோ இருக்கும். கூட்டம் இல்லாத வார நாளில், ஒரு வாஷுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கேட்டால், உங்கள் மெக்கானிக்கை அழைத்து வந்து செய்ய விடுகிறவர்கள் உண்டு.

வீட்டு வாசல்

இப்போது நான் மிகவும் ஆசைப்பட்டுச் செய்த வழிக்கு வருகிறேன். ஒரு நாள் முழுக்க என் கையால் செய்து, வடிந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்த நிறைவு வேறு எதிலும் வராது. ஆனால் யாராவது 'காசு மிச்சமா?' என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். டிராலி ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, ஆயில் ஏற்றும் கைப்பம்பு, பிளக்குக்குப் பொருந்தும் சாக்கெட் எல்லாம் சேர்ந்து எனக்கு மெக்கானிக் கூலியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆனது. கியர் ஆயிலுக்கு மட்டும் என்றால் அந்தக் காசு இந்தக் காரின் ஆயுளில் திரும்பாது. என்ஜின் ஆயில், பிரேக் என்று மற்ற வேலைகளையும் வீட்டில் செய்கிறவர்களுக்குத்தான் கணக்கு சரியாகும்.

முதலில் இடம். சிமென்ட் தரை, சமமாக. மண் தரையும், பக்கவாட்டில் சரியும் பார்க்கிங்கும் வேண்டாம். அடுக்குமாடியில் சங்கத்திடம் கேட்டுவிடுங்கள். காரோடு வந்த மடக்கு ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையைக்கூட நுழைக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்று இல்லை, அவை பாரத்தில் சட்டென்று நொறுங்கும். ஸ்டாண்டு வாங்க மனமில்லையென்றால் வீட்டில் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

அடுத்த சிக்கல் சமநிலை. இரண்டு ஸ்டாண்டில் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் கியர் பாக்ஸ் பின்னால் சாய்ந்துவிடும். அப்படியே ஊற்றினால், துளை இருக்கும் பக்கத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ போகும். நான்கு ஸ்டாண்டில் நான்கு மூலையும் தூக்கலாம், ஆனால் வீட்டில் அது கொஞ்சம் நெஞ்சு படபடக்கும் வேலை. நான் செய்தது வேறு. முன்பக்கம் தூக்கி வடித்தேன். டிரெயின் பிளக்கை மூடி, ஸ்டாண்டுகளை எடுத்து, காரை நான்கு சக்கரத்தில் இறக்கினேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரத்தின் பின்னிருந்து ஃபில்லர் துளை கைக்கு எட்டியது. பானட்டைத் திறந்து, மேலிருந்து ஒரு நீண்ட ரப்பர் டியூபை அந்தத் துளைக்குள் விட்டுப் புனல் வைத்து ஊற்றினேன். துளையிலிருந்து ஆயில் மெல்லிய நூலாக வெளியே வர ஆரம்பித்ததும் நிறுத்தி, அது நிற்கும் வரை பொறுத்துப் பிளக்கை மூடினேன். எல்லாக் காரிலும் துளை இப்படிக் கைக்கு எட்டாது. கருவிகளை வாங்குவதற்கு முன் எட்டிப் பார்த்துவிடுங்கள், முடிவே அதில் மாறலாம்.

ஸ்பேனர் போடும் முன் எது எந்தப் பிளக் என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள். என்ஜின் ஆயில் சம்ப் பிளக்கும் கியர் பாக்ஸ் பிளக்கும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும். என்ஜின் ஆயில் மாற்றுவதாக நினைத்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் மேலும் 3 லிட்டர் ஊற்றியவர்கள் உண்டு. அந்த ஒரு தவறு இரண்டையும் ஒரே நாளில் கெடுக்கும்.

அப்புறம் அந்தப் பொன்னான வரிசை: ஃபில்லர் முதலில். டிரெயினைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகு ஃபில்லர் பிளக் இறுகிப்போய் வராமல் இருந்தால், காலி கியர் பாக்ஸோடு வாசலில் நிற்க வேண்டியதுதான், மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகக்கூட முடியாது. பிளக்கின் தலை காருக்குக் கார் மாறும். வெளியே அறுகோணமாக இருக்கலாம், உள்ளே சதுரக் குழியாக இருக்கலாம், ஆலன் கீ கேட்கலாம். பொருந்தாத ஸ்பேனரை ஒரு முறை திருப்பினாலே தலை உருண்டையாகிவிடும். கம்பி பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துவிட்டு, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, முந்தைய இரவே ஊற விடுங்கள்.

காரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வடித்தால் ஆயில் இளகி, தூளையும் இழுத்துக்கொண்டு வரும். கையுறை போடுங்கள், சைலன்சர் குழாய் அருகிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் குழைந்த பசை ஒட்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, முறிந்த பல்லின் துண்டு என்று எதாவது இருந்தால் அதைத் துடைத்து எடுத்து வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வீட்டில் மாற்றுவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த ஒரு பார்வைதான்: 70,000 கிலோமீட்டர் ஓடிய என் கியர் பாக்ஸ் உள்ளே நலமாக இருக்கிறது என்பதை யார் சொல்லியும் அல்லாமல் நானே தெரிந்துகொண்டேன்.

வடிய குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். வடிந்ததை அளந்து வையுங்கள். சின்னக் கார்களில் ஏறத்தாழ 2 லிட்டரைச் சுற்றி இருக்கும். மேனுவலில் சொன்னதைவிட நன்றாகக் குறைந்து வந்தால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் வழியாக. ஆயில் குறைந்தால் முதலில் அடிவாங்குவது பல கார்களில் ஐந்தாவது கியர், ஏனென்றால் அது கியர் பாக்ஸின் ஓரத்தில் தனி மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் நாம் அதிகம் ஓட்டுவதும் அதில்தான். கூட ஊற்றினாலும் நல்லதல்ல, நுரைக்கும், சீல்கள் வழியாகத் தள்ளும். நான் மேனுவல் அளவைத் தனிப் பாத்திரத்தில் அளந்து வைத்துக்கொண்டு ஊற்றினேன். துளை சொன்னதும் அளவு சொன்னதும் ஒத்துப் போனபோதுதான் நிம்மதி வந்தது.

பிளக்கை முடுக்கும்போது கை அடங்க வேண்டும். கியர் பாக்ஸ் கூடு அலுமினியம், பிளக் இரும்பு. இரும்பு ஜெயிக்கும், கூட்டின் மரை போகும். மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

மேலே இருந்தே ஃபில்லர் துளை வழியாகப் பம்பால் உறிஞ்சி எடுக்கும் வழியும் உண்டு. டிரெயின் பிளக்கே இல்லாத சில கியர் பாக்ஸ்களுக்கும், பிளக் மரை கெட்டுப்போனவற்றுக்கும் அதுதான் கதி. மற்றபடி எனக்கு அதில் விருப்பமில்லை. தூள் எல்லாம் அடியில்தான் படியும். பம்பின் குழாய் எட்டாத இடமும் அதே அடிப்பகுதிதான்.

2014-ல் செலேரியோ வந்தபோது நம் ஊரில் பிரபலமான ஏஎம்டி கார்கள் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றுபவை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், ஆனால் மேலே கிளட்ச்சையும் கியரையும் இயக்கும் கருவி தனி, அதன் திரவமும் தனி. வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

பழைய ஆயில் பற்றியும் முடிவு முன்பே இருக்க வேண்டும். 2016-ன் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. சாக்கடையிலோ, கரையானுக்கு என்று தோட்டத்திலோ ஊற்றினால் அது கடைசியில் நம் கிணற்றுக்குத்தான் போகும். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, வேஸ்ட் ஆயில் டிரம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு வந்தேன். காசு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறை எனக்கு 1,20,000 கிலோமீட்டரில் வரும். ஸ்டாண்டுகள் வீட்டில் இருந்தாலும் நான் பிட்டுக்குத்தான் போகப் போகிறேன், என் ஆயிலோடு, என் வாஷரோடு, காந்தத்தைப் பார்க்க ஒரு டார்ச்சோடு. எனக்கு வேண்டியது பக்கத்தில் நின்று பார்ப்பது, அது அங்கே கிடைக்கிறது. தெரிந்த மெக்கானிக் இல்லாதவர், ஆனால் சமமான தரையும் மற்ற வேலைகளில் பழகிய கையும் உள்ளவர், தாராளமாக வீட்டில் இறங்கலாம்.

எங்கே செய்தாலும் கடைசியில் இதை மட்டும் செய்துவிடுங்கள். பிளக்கை முடுக்கித் துடைத்த பிறகு, வெள்ளை பெயின்ட் மார்க்கரால் பிளக் தலையிலிருந்து கூட்டின் மேல் வரை ஒரே நேர்கோடு. இரண்டு பிளக்குக்கும். யாராவது பிளக்கைத் திருப்பினால் அந்தக் கோடு விலகாமல் இருக்காது. அடுத்த முறை பில்லில் 'கியர் ஆயில் மாற்றம்' என்று வந்தால், டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.